பிள்ளைகளின் பலம் எங்கே வளர்கிறது?

கேள்வி இது: "மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. மகனை மூன்று வகுப்புகளில் சேர்த்தோம், மூன்றையும் பாதியில் விட்டுவிட்டான். என்ன கேட்டாலும் 'ஒண்ணுமில்ல' என்கிறான். மகள் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் தோற்றுவிடுவோமோ என்று தோன்றினால் எதையும் தொடுவதே இல்லை. இருவருக்கும் தன்னம்பிக்கையும் மன உறுதியும் வளர எந்தப் பயிற்சியில் சேர்க்கலாம்?"

பயிற்சி வகுப்பைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். உங்கள் மகனைப் பற்றி இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள், இரண்டுமே குறை. அவன் எதில் கெட்டிக்காரன், எந்த நேரத்தில் முகம் மலர்கிறான், யாரிடம் மணிக்கணக்கில் பேசுகிறான் என்று ஒரு வரியும் இல்லை. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேச வருகிற பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள், ஆசிரியர்களும்தான். கோணலாகப் போவது உடனே கண்ணில் படும். சரியாகப் போவதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் வளர்க்கப்போவது அந்தச் சரியாகப் போவதைத்தான், அதனால் முதல் வேலை அதைக் கண்டுபிடிப்பது.

இத்தனை வருடம் பிள்ளைகளோடு வேலை செய்ததில் நான் உறுதியாக நம்புவது இது. பிள்ளையின் பலம் முதன்மையாக இரண்டு இடங்களில் வளர்கிறது. ஒன்று, என்ன நடந்தாலும் தன்னைக் கைவிடாத ஒரு பெரியவரின் பக்கத்தில். இன்னொன்று, தன்னை நம்பி ஒப்படைத்த ஒரு நிஜமான வேலையில். வகுப்பு, பரிசு, பாராட்டு எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இது வெறும் என் எண்ணம் இல்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளையும் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வாழ்க்கையின் தொடக்கமே மோசம். வறுமை, பிறப்பில் சிக்கல், ஓயாத சண்டை நடக்கும் வீடு, குடிப்பழக்கமோ மனநோயோ உள்ள பெற்றோர் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாகப் படித்து, வேலை பார்த்து, பிறர்மீது அக்கறை உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். எது காப்பாற்றியது என்று தேடிப் பார்த்தபோது மறுபடி மறுபடி கிடைத்த விடைகள் எளிமையானவை. சிறு வயதிலேயே நெருக்கமாக ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, பாட்டியோ அக்காவோ அத்தையோ ஆசிரியரோ இருந்தாலும் போதுமாக இருந்தது. நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள ஏதோ ஒரு பொழுதுபோக்கு இருந்தது. வீட்டில் அவர்கள் செய்யாவிட்டால் நடக்காத ஒரு வேலை அவர்கள் கையில் இருந்தது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி.

அந்த ஆய்வில் எனக்கு இன்னும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பதின்ம வயதில் தடம் புரண்டவர்களில் பெரும்பாலானவர்கள் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டுவிட்டார்கள். மறுபடி படிக்கக் கிடைத்த வாய்ப்பு, நல்ல துணை, ஏதாவது ஒரு குழுவில் கிடைத்த இடம், இவைதான் திருப்பிவிட்டன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லிச் சொல்லி 14 வயதுப் பையனைக் கைகழுவுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும். உங்கள் மகன் விஷயத்தில் காலம் எதுவும் கடந்துவிடவில்லை.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் இருக்கும் சர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 1990-களில் இதையெல்லாம் தொகுத்து 40 பலங்களாகப் பட்டியலிட்டது. இருபது வெளியிலிருந்து வருபவை: ஆதரவு, பொறுப்பு, எல்லைகள், பயனுள்ள பொழுது. இருபது உள்ளே வளர்பவை: கற்கும் ஆர்வம், நற்பண்புகள், பிறரோடு பழகும் திறன், தன்னைப் பற்றிய நல்ல எண்ணம். இவை எவ்வளவு அதிகமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு ஆபத்தான பழக்கங்கள் குறைவாக இருப்பதை அவர்களுடைய கணக்கெடுப்புகள் காட்டின. பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அதை மதிப்பெண் தாளாக்கி, பிள்ளையை உட்கார வைத்து நாற்பதுக்கு எத்தனை என்று எண்ணாதீர்கள். பாதிப் பட்டியல் பிள்ளையிடம் இருக்க வேண்டியதே இல்லை, சுற்றியிருக்கும் நம்மிடம் இருக்க வேண்டியது.

பொறுப்பு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். எதிலும் ஆர்வம் இல்லை, வகுப்பில் கடைசி பெஞ்சு, கேட்டால் தோளைக் குலுக்குவான். பள்ளி நூலகர் ஒருநாள் முதுகு பிய்ந்த புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருப்பதைக் காட்டி, "இதை ஒட்ட எனக்கு நேரமே இல்ல, உன்னால முடியுமா?" என்று கேட்டார். முதல் புத்தகத்தில் பசை வழிந்து நான்கு பக்கம் ஒட்டிக்கொண்டது. நூலகர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று பொய்யாகத் தட்டிக் கொடுக்கவும் இல்லை. "பசையைப் பாதியாக் குறை. ஒட்டினதும் மேலே கனமா ஏதாவது வை, நாளைக்குத்தான் திறக்கணும்" என்றார். கொஞ்ச நாளில் அந்த மேஜையின் சாவி அவனிடம் இருந்தது. காலையில் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுவான், சிறிய வகுப்புப் பிள்ளைகள் கிழிந்த புத்தகத்தை நேரே அவனிடம் கொண்டுபோவார்கள். கணக்குப் பாடத்தில் அவன் ஒன்றும் முதலிடம் வந்துவிடவில்லை. ஆனால் பேச ஆரம்பித்தான்.

இந்த வேலையில் என்ன இருந்தது என்று பாருங்கள். அது தேவையான வேலை, அவனுக்காக உருவாக்கிய விளையாட்டு வேலை இல்லை. செய்தது நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தவறு செய்ய இடம் இருந்தது, அதைத் திருத்தச் சொல்லித்தர ஆள் இருந்தது. வீட்டில் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் வேலைகளில் பெரும்பாலும் இது எதுவும் இருப்பதில்லை. "உன் ரூமைச் சுத்தம் பண்ணு" என்பது பொறுப்பு மாதிரி தெரியும், ஆனால் பிள்ளையின் காதில் அது தண்டனையாகத்தான் விழும். வீட்டு இன்டர்நெட் மக்கர் பண்ணினால் இனி அவன்தான் பார்க்க வேண்டும், பயணத்துக்கு டிக்கெட்டும் வழியும் அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒப்படைத்துப் பாருங்கள். ஒப்படைத்த பிறகு பின்னாலேயே நின்று எட்டிப் பார்க்கக் கூடாது, அது ஒப்படைக்காததற்குச் சமம்.

உதவும் ஆசையை நாம் ஊட்டவே வேண்டியதில்லை, அது பிறவியோடு வருகிறது. பெரியவர் கையிலிருந்து தவறி விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்க 18 மாதக் குழந்தைகளே யாரும் சொல்லாமல் போவதை ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006-இல் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களே செய்த இன்னொரு ஆய்வில், உதவியதற்குப் பரிசு வாங்கிய குழந்தைகள் பின்னால் குறைவாகவே உதவினார்கள். மூன்று வயதில் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவரும் குழந்தையை "நீ போய் விளையாடு, வேலை கெட்டுப்போகும்" என்று அனுப்பிவிட்டு, பதிமூன்று வயதில் "ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேங்கிறான்" என்று வருந்துகிறோம்.

சரி, மகளுக்கு வருகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை தோல்விக்கு அஞ்சுவது ரொம்பச் சாதாரணம். "நீ புத்திசாலி" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒவ்வொரு கடினமான கணக்கும் ஆபத்தாகத் தெரியும். தப்பாகப் போட்டால் அந்தப் பெயர் போய்விடுமே. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோருமே தடுமாறினார்கள். அப்புறம் மறுபடி பழைய மாதிரியே எளிய புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்டவர்கள் முதல் சுற்றைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளெல்லாம் "நல்ல முயற்சி, நல்ல முயற்சி" என்று சொன்னால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திறமை முயற்சியால் வளரும் என்ற எண்ணத்தைச் சிறிய இணையப் பாடமாகக் கற்றுத்தந்து, அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பலன் இருந்தது, ஆனால் சிறியது. சொல்லால் மட்டும் ஓரளவுதான் நடக்கும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் எழுதிய ஆல்பர்ட் பண்டூரா, தானே செய்து முடித்த அனுபவத்தைத்தான் முதலிடத்தில் வைத்தார். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும், பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகளும் அதற்கு அடுத்தபடிதான்.

எட்டு வயதுப் பிள்ளை ஷூ லேஸ் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வளையம் போடுவாள், விரல் வழுக்கும், அவிழும். மறுபடி போடுவாள். நமக்கு நேரமாகும், கை தானாக நீளும். அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் உங்கள் மகளுக்கு நீங்கள் தரக்கூடிய பயிற்சி. அவள் உதவி கேட்டால் முழுவதையும் கட்டிவிடாமல் ஒரு படி மட்டும் காட்டுங்கள், மீதியை அவளே முடிக்கட்டும். வரைந்த படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் "சூப்பர்" என்று அனுப்பிவிடாமல், "இந்த மரத்தை முதல்ல வேற இடத்துல போட்டு அழிச்சிருக்கியே, ஏன்?" என்று கேளுங்கள். உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பாள். தான் யோசித்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்ற உணர்வு பாராட்டைவிட நாள்பட நிற்கும். விளையாட்டில் அவளுக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்களும் உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றை அவள் கண்முன்னே கற்றுத் தடுமாறுங்கள். பெரியவர்கள் தடுமாறிப் பார்த்ததே இல்லாத பிள்ளைக்குத் தடுமாறுவது அவமானம் என்றுதான் தோன்றும்.

மகனின் "ஒண்ணுமில்ல" பற்றி. பதின்ம வயதுப் பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் குறைவாகவே மாட்டுகிறார்கள் என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் 'கண்காணியுங்கள்' என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். மார்கரெட் கெர், ஹோகன் ஸ்டாட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 14 வயதுப் பிள்ளைகளிடம் விசாரித்து, 2000-இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி துருவித் துருவிக் கேட்டதால் வந்ததில்லை. பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொன்னதால் தெரிந்தது. அப்படியானால் நாம் யோசிக்க வேண்டியது, அவன் சொல்ல வரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். "இன்னைக்கு ஒருத்தன் எல்லார் முன்னாடியும் என்னைக் கிண்டல் பண்ணினான்" என்று பையன் தொடங்குவான். நாம் உடனே "நீ என்ன பண்ணே? நீ சும்மா இருந்தா அவன் ஏன் பண்றான்? நாளைக்கே வந்து டீச்சர்கிட்ட பேசறேன்" என்போம். விசாரணை, தீர்ப்பு, நடவடிக்கை மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அடுத்த தடவை அவன் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வான். அதற்குப் பதிலாக "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று பாருங்கள். கஷ்டம்தான், ஆனால் மீதிக் கதை வரும். கடைசியில் "நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டா மட்டும் போதுமா?" என்று அவனிடமே கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசுவதைவிட, சேர்ந்து நடக்கும்போதும் வண்டியில் போகும்போதும் இந்த வயதுப் பிள்ளைகள் எளிதாக வாய் திறப்பார்கள்.

இப்படியெல்லாம் சொன்னால் கண்டிப்பே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 1960-களிலிருந்து டயானா பாம்ரிண்ட் செய்த ஆய்வுகளும் அதைத் தொடர்ந்து வந்தவையும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. அன்பு நிறைய, எல்லை தெளிவாக, காரணம் விளக்கி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாக வளர்கிறார்கள். வெறும் அதிகாரமும், வெறும் செல்லமும் அவ்வளவாக உதவுவதில்லை. விதிகள் குறைவாக இருக்கட்டும், ஆனால் இருப்பவை மாறாமல் இருக்கட்டும். அதோடு நம் வாக்கும் மாறாமல் இருக்க வேண்டும். செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சிலரிடம் சொன்னபடி கொண்டுவந்தார்கள், சிலரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அப்புறம் ஒரு இனிப்பை முன்னால் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார்கள். வாக்கு தவறாத பெரியவரைப் பார்த்த குழந்தைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் காத்திருந்தது சுமார் 3 நிமிடம். பிள்ளையின் குணம் என்று நாம் முத்திரை குத்துவதில் எவ்வளவு பங்கு நம் நடத்தையால் வருகிறது என்று இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது.

கோபத்தில் கத்திவிட்டால் எல்லாம் போச்சா என்றால், இல்லை. கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் வெகுகாலம் ஆராய்ந்த எட்வர்ட் ட்ரோனிக், நல்ல உறவிலும் இருவரும் ஒத்துப்போகும் நேரம் குறைவுதான் என்றும், பிசகியதை மறுபடி சேர்த்துக்கொள்வதில்தான் உறவு வலுப்படுகிறது என்றும் கண்டார். "காலையில நான் அப்படிக் கத்தினது தப்பு" என்று பெரியவர் வந்து சொல்லட்டும். காரணம் அடுக்காமல் சொல்லட்டும். பிள்ளை மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்வதும் அதைப் பார்த்துத்தான்.

உங்கள் வீட்டுக்கு வெளியே, மகன் நம்பிப் பேசக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த 40 பலங்களின் பட்டியல் பெற்றோர் தவிர மூன்று பேராவது வேண்டும் என்கிறது. சித்தப்பாவோ, விளையாட்டு ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராகவும் இருக்கலாம். அவர்களிடம் அவன் நம்மைப் பற்றிக் குறை சொல்வான், சொல்லட்டும். பெற்றோர் இதைப் போட்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரே சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து இருக்கிறது. அங்கே 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். அவர்கள் முக்கியமாகச் செய்தது பிள்ளைகளின் மாலைப் பொழுதை மாற்றியது. விளையாட்டு, இசை, கலைக் குழுக்களுக்கு அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் பிள்ளைகளோடு கழிக்கும் நேரத்தைக் கூட்டினார்கள், இரவில் வெளியே சுற்றுவதற்கு வரம்பு வைத்தார்கள்.

தூக்கத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. தூங்காத பிள்ளையிடம் பொறுமையும் மன உறுதியும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் சாப்பாடும் தலைகீழாவது, நண்பர்களையும் விட்டு ஒதுங்குவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால் அன்றே பாருங்கள். மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். "வயசுக் கோளாறு, சரியாயிடும்" என்று விட்டுவிடும் நிலையில் அது இருக்காமல் போகலாம்.

இனி அந்த மூன்று வகுப்புகள். அவற்றை யார் தேர்ந்தெடுத்தது? நீங்கள் என்றால், அவன் விட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அடுத்ததை அவனே தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்குப் பயனற்றதாகத் தெரிந்தாலும் சரி. சேரும் முன்பே பேசி ஒரு காலக்கெடு வையுங்கள், உதாரணமாக மூன்று மாதம். அதுவரை அலுத்தாலும் போக வேண்டும், அதன் பிறகு விடுவதும் தொடர்வதும் அவன் விருப்பம். விட்டால் பணம் வீணான கதையை எடுக்காமல், "அதுல எது பிடிக்கல?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டம் பிடிக்கவில்லையா, போட்டி பிடிக்கவில்லையா, சொல்லித்தந்தவர் பிடிக்கவில்லையா என்று அவன் சொல்லும் பதிலை வைத்துத்தான் அடுத்ததைத் தேட முடியும். ஒரு வருடத்துக்கு எதிலும் சேராமல் இருக்க விரும்பினாலும் சரி என்று சொல்லுங்கள். அந்த வருடத்தில் வீட்டில் அவன் பொறுப்பில் நிஜமான ஒரு வேலை மட்டும் இருக்கட்டும்.